ஏழு நிமிடம் வடக்கே

பாலைவன ஊரான எங்கள் லீனாவில் பெண் கொடுப்போம், ஒட்டகம் கொடுப்போம், வழியில் நின்றுபோனவனுக்கு நம் வண்டியின் மாற்றுச் சக்கரத்தையே கழற்றிக் கொடுப்போம். காளான் முளைக்கும் இடத்தை மட்டும் கொடுக்க மாட்டோம். அக்டோபரில் நல்ல மழை பெய்தால் ஜனவரியில் பாலைத் தரை அங்கங்கே லேசாக வெடிக்கும். உள்ளே நிலக்காளான் உருளைக்கிழங்கு மாதிரி உருண்டு கிடக்கும். கிடைத்த இடத்தை ஜி.பி.எஸ். கருவியில் பதிந்துகொள்வோம். வடக்கே இத்தனை டிகிரி இத்தனை நிமிடம், கிழக்கே இத்தனை டிகிரி இத்தனை நிமிடம். அதற்கு எங்கள் பேச்சில் புள்ளி என்று பெயர்.

கேட்டவனிடம் இல்லை என்று சொல்வது மரியாதை இல்லை. ஆகவே எண்ணைக் கொஞ்சம் மாற்றிக் கொடுப்போம். வாங்குகிறவனுக்கும் அது தெரியும். "அல்லாஹ் உனக்கு பரக்கத் செய்யட்டும்" என்று சொல்லி வாங்கிக்கொண்டு போவான். அடுத்த பருவத்தில் அவனும் நமக்கு அதே போல ஒன்று கொடுப்பான். இதில் யாருக்கும் வருத்தம் கிடையாது.

நான் நகராட்சியின் தண்ணீர்ப் பிரிவில் இருபத்தெட்டு வருடம் வால்வு திருகி ஓய்வு பெற்றவன். பெயர் மிஸ்ஃபர். என்னுடைய கணக்கு ஏழு. யார் புள்ளி கேட்டாலும் வடக்கு நிமிடத்தில் ஏழைக் குறைத்துச் சொல்வேன். ஒரு நிமிடம் என்றால் தரையில் இரண்டு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஏழு நிமிடம் பதின்மூன்று கிலோமீட்டர். பதினைந்து வருடமாக அந்த ஏழு எனக்கும் அல்லாஹ்வுக்கும் மட்டும்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவ்வளவு புத்திசாலி நான்.

ஆனால் நான் சொல்ல வந்தது என் கதையை அல்ல, முத்லக்கின் கதையை.

முத்லக்கை ஊரில் எல்லாரும் மூத்த மகன் பெயரை வைத்து அபூ ஸத்தாம் என்றுதான் கூப்பிடுவார்கள். பெட்ரோல் பங்கை ஒட்டி அவருக்கு ஒரு கடை உண்டு. வாக்கிடாக்கி, ஆன்டெனா, பேட்டரி, ஜி.பி.எஸ். எல்லாம் விற்பார், பழுதும் பார்ப்பார். பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. இளவயதில் எண்ணெய் தேடும் சர்வே குழுவுக்குப் பத்தொன்பது வருடம் வண்டி ஓட்டினார். அந்தக் குழுவின் பொறியாளர்கள் ஊர் திரும்பும்போது, பாதி செங்கல் கனமுள்ள ஒரு சாம்பல் நிறக் கருவியை அவரிடம் விட்டுப் போனார்கள். அது வானத்தைப் பார்த்துத் தன் இடத்தைக் கண்டுபிடிப்பதற்குள் பால் விடாத ஒரு சுலைமானி டீ குடித்து முடித்துவிடலாம். அந்தக் கருவியின் திரையைப் பார்த்துப் பார்த்துத்தான் அவர் ஆங்கில எண்களைக் கற்றுக்கொண்டார். எழுத்து இன்றுவரை வராது. எண் என்றால் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார்.

அவருடைய முன்பல் இரண்டும் தங்கம். அது எப்படி வந்தது என்று புதிதாகக் கருவி வாங்க வருகிற ஒவ்வொருவனுக்கும் சொல்லாமல் விடமாட்டார்.

"இங்க பாரு, இந்த அம்பு இருக்கே, இது இடம் எங்க இருக்குன்னுதான் காட்டும். நடுவுல என்ன இருக்குன்னு காட்டாது. நானும் ஒரு காலத்துல அம்பைப் பார்த்துக்கிட்டே ஓட்டினவன்தான். நேரா பழைய கிணத்து மேட்டுல போய் ஏத்தினேன். ஸ்டியரிங்ல வாயை வச்சு முத்தம் கொடுத்தேன். ரெண்டு பல்லும் இன்னும் அங்கதான் கிடக்கு. புள்ளி வேணுமா, தர்றேன்."

அவர் விற்கிற ஒவ்வொரு கருவியோடும் மூன்று கட்டளைகள் இலவசம். கிளம்பும் முன் வீட்டு வாசலைப் புள்ளியாகப் பதி. மாற்று பேட்டரியைச் சட்டைப்பையில் வை, வண்டியில் வைக்காதே. போகிற எண்ணைத் தாளில் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடு. முதல் இரண்டையும் கேட்பார்கள். மூன்றாவதை எங்கள் ஊரில் எவன் கேட்பான்? வீட்டில் கொடுத்த தாள் சாயங்காலத்துக்குள் நாலு வீட்டுக்குப் போய்விடுமே.

ஊரில் எல்லாருடைய உண்மையான புள்ளியும் தெரிந்த ஒரே மனிதர் அவர்தான். பொத்தான் தேய்ந்தாலும் திரை உடைந்தாலும் கருவி அவர் மேசைக்குத்தான் போயாக வேண்டும். அதற்குள் இருக்கிற ரகசியமும் கூடவே போகும். ஆனாலும் ஒருவரும் கவலைப்பட்டதில்லை. முத்லக்குக்கு நிலக்காளான் பிடிக்காது. "ஈரச் சாக்கை நெய்யில வதக்கின மாதிரி இருக்கு" என்பார். காளான் தின்னாத ஒருவர் எங்கள் ஊரில் பிறந்தது அல்லாஹ்வின் ஏற்பாடு என்றுதான் நான் நினைக்கிறேன்.

போன ஜனவரியில் நடந்ததைச் சொல்கிறேன்.

என் மனைவி வத்ஹாவின் அண்ணன் ஹவாஸ். ஒரே அண்ணன். நவம்பரில் எனக்குக் குடல்வால் வெடித்தபோது அவன்தான் என்னை வண்டியில் போட்டுக்கொண்டு ரஃப்ஹா ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். நாலு நாள் என் கட்டில் பக்கத்தில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தே தூங்கினான். வீடு திரும்பியதும் ஒரு நன்றிகூடச் சொல்லவிடவில்லை. ஜனவரியில் ஒரு புதன்கிழமை வந்து, "மச்சான், நாளைக்குக் காளானுக்குப் போறேன், ஒரு புள்ளி குடேன்" என்றான். கேட்க வேண்டுமே என்று கேட்டான், அவ்வளவுதான்.

என் மனசு உருகிவிட்டது. டிஷ்யூ பெட்டியின் அட்டையைக் கிழித்து எழுதிக் கொடுத்தேன். வடக்கே 28 டிகிரி 31 நிமிடம், கிழக்கே 44 டிகிரி 19 நிமிடம். என் பிள்ளைகளைக்கூட நான் கூட்டிப் போகாத இடம். உண்மையான எண். ஏழைக் குறைக்கவில்லை.

"இது உண்மை" என்ற ஒரு வார்த்தை நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் அதைச் சொன்னால் இதற்கு முன் கொடுத்ததெல்லாம் பொய் என்று ஆகிவிடுமே. பதினைந்து வருடப் பொய்யை என் வாயாலேயே ஒப்புக்கொள்வதா? விழுங்கிவிட்டேன். அவனும் அட்டையைப் பார்த்து மீசைக்குள் சிரித்தான். "அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்" என்று பையில் போட்டுக்கொண்டு போனான்.

வியாழக்கிழமை விடியலில் ஹவாஸ் தனியாகக் கிளம்பினான். இரவு வரவில்லை. வழியில் யாராவது கூட்டாளியின் கூடாரத்தில் படுத்திருப்பான் என்று அவன் மனைவி நினைத்தாள். வெள்ளிக்கிழமை விடியலில் சுப்ஹு தொழ எழுந்தவள், அவனுடைய ஆட்டுத்தோல் அங்கி கதவுக்குப் பின்னால் ஆணியில் தொங்குவதைப் பார்த்தாள். அன்று முற்றத்து வாளியில் தண்ணீர் உறைந்திருந்தது. உடனே வத்ஹாவுக்குப் போன் செய்தாள்.

நான் அப்போதே என் எண்ணை வெளியே விட்டுவிட்டேன். நாயிஃப் என்ற பக்கத்து வீட்டுக்காரன் இரண்டு வண்டிகளோடு 31-க்குப் பறந்தான். எட்டு மணிக்கு நாங்கள் எல்லாரும் முத்லக்கின் கடை வாசலில் நின்றபோது அவனுடைய சாட்டிலைட் போன் வந்தது.

"இங்க காளான் தரையெல்லாம் கிடக்கு, அபூ ஸத்தாம்! மிஸ்ஃபர் தோண்டின பழைய குழியும் இருக்கு. ஆனா நேத்து வந்த டயர் தடம் ஒண்ணுகூட இல்ல. செவ்வாய்க்கிழமை மழைக்கு அப்புறம் இந்தப் பக்கம் ஒரு வண்டியும் வரல."

வாசலில் இருந்த அத்தனை முகமும் என் பக்கம் திரும்பியது.

"அப்போ ஹவாஸுக்கு எந்த நம்பரைக் கொடுத்தே?" கூட்டத்தில் ஒருவன் கேட்டான்.

"இதேதான். முப்பத்தொண்ணு."

"யோவ், விளையாடாத. ஒரு உயிர்யா! இந்தத் தடவை எவ்வளவு மாத்தினே, அதைச் சொல்லு."

"மாத்தலன்னு சொல்றேன்ல!"

யாரோ சிரித்தார்கள். யாரோ காறித் துப்பினார்கள். வத்ஹா வண்டியிலிருந்து இறங்கி நேராக என் முன்னால் வந்து நின்றாள். முப்பத்தோரு வருடத்தில் அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

"உன் காளான் எனக்கு வேணாம், உன் வீடும் வேணாம். எங்க அண்ணனை எங்க அனுப்பின, அதை மட்டும் சொல்லு."

"வல்லாஹி, வத்ஹா, உண்மையைத்தான் கொடுத்தேன்."

"இந்த வல்லாஹி சத்தியத்தைப் பதினஞ்சு வருஷமா கேட்டாச்சு."

கொடுத்த ஒரே ஒரு உண்மைக்கு என் பக்கம் ஒரு சாட்சியும் இல்லை. அட்டை ஹவாஸின் பையில் இருந்தது. ஹவாஸ் எங்கே என்று யாருக்கும் தெரியாது. அவன் செத்துப்போனால் அவனைக் கொன்றது நான்தான் என்று என் மனைவி சாகும்வரை நம்புவாள். எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்கவும் முடியவில்லை.

முத்லக் அதுவரை தன் இரண்டு ஜி.பி.எஸ். கருவிகளுக்கும் புதுப் பேட்டரி போட்டுக்கொண்டிருந்தார். மூடியை அழுத்தி மூடிவிட்டுத் தலையைத் தூக்கினார்.

"இவன் உண்மையைத்தான் சொல்லியிருக்கான்."

"எப்படிச் சொல்றீங்க?" வத்ஹா கேட்டாள்.

"பொய் சொல்லியிருந்தா உன் அண்ணன் நேத்து மத்தியானமே காளான் மூட்டையோட வீட்டுக்கு வந்திருப்பான்மா."

ஒருவருக்கும் விளங்கவில்லை. அவர் என்னைப் பார்த்தார்.

"மிஸ்ஃபர், நீ யார் கேட்டாலும் வடக்குல ஏழைக் குறைச்சுத்தானே கொடுப்பே?"

என் ஏழு இவருக்கு எப்படித் தெரியும்? "உங்களுக்கு... என் கருவியைப் பார்த்துத் தெரிஞ்சுதா?"

"கருவியா! ஊருக்கே தெரியும்டா. மிஸ்ஃபர் கொடுத்தா ஏழைக் கூட்டிக்கோன்னு பள்ளிக்கூடத்துப் பசங்ககூடச் சொல்லும். ஏன், உன் இடத்துல வருஷா வருஷம் பாதிக் காளான் குறையுதே, நரி வந்து தின்னுட்டுப் போகுதுன்னா நினைச்சே?"

இந்த முறை எல்லாரும் சிரித்தார்கள். அந்த நிலைமையிலும் எனக்குக் காது சூடானது. போன வருடம் நான் நரியைத்தான் திட்டினேன்.

முத்லக் சிரிக்கவில்லை. மேசை மேல் விரலால் கோடு போட்டார். "இருபத்திநாலுன்னு கொடுத்திருந்தா, ஹவாஸ் ஏழைக் கூட்டி முப்பத்தொண்ணுக்குச் சரியா போய்ச் சேர்ந்திருப்பான். அங்க அவன் தடமே இல்ல. அப்போ இவன் கொடுத்தது முப்பத்தொண்ணு. ஹவாஸ் அதையும் பொய்ன்னு நினைச்சு அதுக்கும் மேல ஏழைக் கூட்டியிருக்கான். முப்பத்தெட்டுல இருக்கான். மிஸ்ஃபர், வண்டில ஏறு."

வத்ஹாவும் ஏறினாள். யாரையும் கேட்கவில்லை.

முத்லக் ஓட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். ஒரு கருவி கண்ணாடிக்குக் கீழே, இன்னொன்று சட்டைப்பையில். அம்பு நேராகக் கிழக்கே காட்டியது. அவர் பாட்டுக்குத் தெற்கே திருப்பினார். வத்ஹா பின்னாலிருந்து பதறினாள்.

"அம்பு அந்தப் பக்கம் காட்டுது, அபூ ஸத்தாம்!"

"காட்டட்டும்மா. முப்பத்தெட்டுக்கு முன்னாடி ஒரு பள்ளம் இருக்கு. மழைத் தண்ணி வந்து வண்டல் படிஞ்ச இடம். மேல பார்த்தா ரொட்டி மாதிரி காஞ்சிருக்கும். உள்ள மாவு. உன் அண்ணன் அம்பை நம்பி நேரா போயிருப்பான். நாம சரளைத் தரையா பார்த்துச் சுத்திப் போவோம். இருபது நிமிஷம் கூட ஆகும், ஆனா போய்ச் சேருவோம்."

அவர் குரலில் ஒரு சந்தேகமும் இல்லை. காய்கறி வாங்கப் போகிறவர் மாதிரி ஓட்டினார். திருப்பம் வரும்போதெல்லாம் நிறுத்தாமலே கட்டைவிரலால் ஒரு புள்ளி பதிந்துகொண்டார். வத்ஹா பின்னால் ஜன்னல் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்து வெளியே தேடினாள்.

பத்து மணிக்குப் பனிமூட்டம் விலகியது. சரளை மேட்டில் ஏறியதும் முத்லக் பிரேக் போட்டார். கீழே பழுப்பு நிறத்தில் கால்பந்து மைதானம் போல ஒரு பள்ளம். நடுவில் ஹவாஸின் வெள்ளை வண்டி, கதவுவரை சேற்றில் உட்கார்ந்திருந்தது. முத்லக் கருவியைத் திருப்பி எனக்குக் காட்டினார். வடக்கே 28 டிகிரி 38 நிமிடம்.

அவர் ஹாரனை அழுத்தினார். ஒன்றும் அசையவில்லை. மறுபடி அழுத்தினார். வத்ஹா கதவைத் திறந்து ஓடத் தொடங்கிவிட்டாள். அப்போதுதான் அந்த வண்டியின் பின்கதவு கொஞ்சம் திறந்தது. வண்டியின் கால்மிதி விரிப்பு நாலையும் உடம்பில் கயிற்றால் கட்டிக்கொண்டு, சாக்கு மூட்டை மாதிரி ஒரு ஆள் வெளியே எட்டிப் பார்த்தான். உதடு நீலமாக இருந்தது. என்னைப் பார்த்ததும் குரலை எங்கிருந்தோ வரவழைத்துக்கொண்டான்.

"அடப் பாவி மிஸ்ஃபர்! உன் புள்ளியில ஒரு காளான்கூட இல்லடா!"

"எத்தனையைக் கூட்டினே?" முத்லக் மேட்டிலிருந்தே கேட்டார்.

ஹவாஸ் ஒரு நிமிடம் விழித்தான். "ஏழு. எப்பவும் ஏழுதானே?"

முத்லக் தலையை ஆட்டிக்கொண்டே கயிற்றை எடுக்கப் போனார். நான் சேற்றில் முழங்கால்வரை இறங்கிப் போய் என் ஆட்டுத்தோல் அங்கியை அவனுக்குப் போர்த்தினேன். வத்ஹா அண்ணனின் தலையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அழுதாள், திட்டினாள், நெற்றியில் முத்தமிட்டாள். அவனுக்குச் சூடான பாலைப் புகட்டிவிட்டுக் கொஞ்ச நேரம் கழித்து என் பக்கம் திரும்பினாள்.

"உண்மையைக் கொடுத்தேன்னு அவன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லித் தொலைச்சிருக்கக் கூடாதா?"

"வெக்கமா இருந்துச்சு" என்றேன். அதுதான் உண்மை.

திங்கட்கிழமை ஹவாஸ் வீட்டில் ஆடு அறுத்து விருந்து. கப்ஸா சோற்றுத் தட்டைச் சுற்றி முப்பது பேர். ஹவாஸ் முத்லக்குக்கு ஒரு நல்ல ஒட்டகக் கன்றைக் கொடுக்க முன்வந்தான். அவர் கையை அசைத்து மறுத்துவிட்டார்.

"கன்னுக்குட்டியை வச்சு நான் என்ன பண்ண? அதுக்குப் பேட்டரி போட முடியுமா? எனக்கு வேற ஒண்ணு வேணும். மிஸ்ஃபர், எந்திரி. எல்லாருக்கும் கேக்கற மாதிரி உன் நம்பரைச் சொல்லு. அன்னைக்கு முழுங்கின வார்த்தையையும் சேர்த்துச் சொல்லு."

எழுந்தேன். உள் அறையில் பெண்கள் பேச்சு நின்றது தெரிந்தது. "வடக்கே இருபத்தெட்டு, முப்பத்தொண்ணு. கிழக்கே நாப்பத்திநாலு, பத்தொன்பது. இது உண்மை."

முப்பது பேரும் போனை எடுத்துப் பதிந்துகொண்டார்கள். ஆனால் அவர்கள் முகத்தை நான் பார்த்தேனே. சிலருடைய உதடு லேசாக அசைந்தது. கூட்டுகிறார்கள்!

முத்லக்கும் அதைப் பார்த்துவிட்டார். இன்னொரு கோப்பை கஹ்வாக் காப்பி ஊற்றச் சொன்னார்.

அடுத்த வெள்ளிக்கிழமை நானும் வத்ஹாவும் ஹவாஸும் 31-க்குப் போனோம். வத்ஹா இதற்கு முன் என்னோடு காளானுக்கு வந்ததில்லை. மத்தியானத்துக்குள் இரண்டு சாக்கு நிறைந்தது. எல்லாம் வெள்ளைக் காளான், ஒவ்வொன்றும் பிள்ளையின் முஷ்டி அளவு. வேறு ஒரு வண்டி எங்கள் பக்கம் வரவில்லை. சுலைமானிக்கு நெருப்பு மூட்டியபோது வண்டியின் வாக்கிடாக்கி கரகரத்தது. முத்லக்கின் குரல்.

"மிஸ்ஃபர், இருக்கியா? நான் முப்பத்தெட்டுல நிக்கறேன். காலையிலேயே கயிறும் கெண்டியும் எடுத்துக்கிட்டு வந்து மேட்டுல உக்காந்துட்டேன். இதுவரைக்கும் நாலு வண்டியை இழுத்தாச்சு. நாயிஃப் இன்னும் சேத்துலதான் இருக்கான். நீ முப்பத்தொண்ணைக் காட்டிட்டு அதைவிடப் பெரிய இடத்தை இங்க ஒளிச்சு வச்சிருக்கேன்னு நினைச்சு வந்து மாட்டிக்கிட்டு, எல்லாரும் உன்னைத் திட்டறாங்க. உன் நம்பரை இன்னொரு தடவை சொல்லு, கேக்கட்டும்."

"முப்பத்தொண்ணு" என்றேன். "இது உண்மை."

இரைச்சலுக்கு நடுவே தூரத்தில் நாயிஃபின் குரல் கேட்டது. "இவன் பேச்சை எப்படி நம்பறது, அபூ ஸத்தாம்?"

"அப்படின்னா அவன் வீட்டுக்காரிகிட்ட கேளு" என்றார் முத்லக். "அவ அங்கதான் இருப்பா."

நான் மைக்கை வத்ஹாவிடம் நீட்டினேன். அவள் கையில் ஒட்டியிருந்த மண்ணைப் பாவாடையில் துடைத்தாள். என்னை ஒரு முறை பார்த்தாள். பிறகு பொத்தானை அழுத்தினாள்.

"முப்பத்தொண்ணுதான். அவர் உண்மையைத்தான் சொல்றார். ஒண்ணையும் கூட்டாம வாங்க."